சட்டத் தகுதியும் ஆதரவுடன் முடிவெடுத்தலும்

சட்டத் தகுதி என்பது, ஒருவர் உரிமைகளைப் பெற்றிருப்பதையும் அந்த உரிமைகளைத் தாமே பயன்படுத்துவதையும் சட்டம் ஏற்றுக்கொள்வதாகும். வீட்டை விற்றல், வங்கிக் கணக்குத் தொடங்குதல், உயில் எழுதுதல், அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருதல், திருமணம் செய்தல், வாக்களித்தல், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுதல் ஆகிய அனைத்துக்கும் அடிப்படை இதுவே. வயதுவந்த பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே தெரியாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனநோய், மறதிநோய் ஆகியவற்றுடன் வாழ்பவர்களுக்கோ, ஒரு கையொப்பம் மறுக்கப்படும் நாளில் அது தெரியவருகிறது.

ஆதரவுடன் முடிவெடுத்தல் என்பது இந்த மறுப்புக்கு மாற்றாக உருவான முறை. மாற்றுத்திறனாளிக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதை விடுத்து, அவரே முடிவெடுப்பதற்கு வேண்டிய உதவியை அளிப்பது இதன் சாரம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு இதற்குப் பன்னாட்டுச் சட்ட வடிவம் தந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதைப் பகுதியளவில் ஏற்றுக்கொண்டுள்ளன.

இரண்டு பகுதிகள்

சட்டத் தகுதிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. உரிமையை உடையவராக இருப்பது ஒன்று. அந்த உரிமையைச் செயல்படுத்துவது மற்றொன்று. தந்தையின் நிலத்தில் பங்கு பெறும் ஒரு குழந்தைக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. அந்த நிலத்தைக் குழந்தை விற்க முடியாது. குழந்தைப் பருவம் முடிந்ததும் இரண்டாவது பகுதியும் எல்லோருக்கும் தானாக வந்து சேர்கிறது. வளர்ந்த ஒருவரை வாழ்நாள் முழுதும் குழந்தையின் நிலையிலேயே நிறுத்திவைப்பதுதான் பழைய பாதுகாவலர் முறையின் விளைவு.

உடன்படிக்கையின் வரைவுப் பேச்சுகளில் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்டதும் இதே வேறுபாடுதான். 2006 ஆகஸ்டில் இறுதி செய்யப்பட்ட வரைவில் 12ஆம் உறுப்புக்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அரபு, சீன, உருசிய மொழிகளில் 'சட்டத் தகுதி' என்பது உரிமைகளை உடையவராக இருக்கும் தகுதியை மட்டுமே குறிக்கும், செயல்படும் தகுதியைக் குறிக்காது என்றது அந்தக் குறிப்பு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொது அவை உடன்படிக்கையை ஏற்றபோது அந்த அடிக்குறிப்பு நீக்கப்பட்டிருந்தது. அது நீங்காதிருந்தால் 12ஆம் உறுப்பு ஏட்டளவில் நின்றிருக்கும்.

சட்டத் தகுதியையும் மனத் திறனையும் ஒன்றெனக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை. மனத் திறன் என்பது முடிவெடுக்கும் ஆற்றல். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளிடமும் நாளுக்கு நாள், பொருளுக்குப் பொருள் மாறும். கடும் காய்ச்சலில் கிடப்பவரின் மனத் திறன் அன்றைக்குக் குறைவு. பங்குச் சந்தை ஒப்பந்தம் எதுவும் புரியாத படித்தவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் கையொப்பமிடுவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. மனத் திறன் குறைவு என்ற காரணத்தைக் காட்டிச் சட்டத் தகுதியைப் பறிப்பது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே நடக்கிறது என்பதே 12ஆம் உறுப்பை முன்வைத்தவர்களின் வாதம்.

பழைய சட்டங்களின் சொல்

தமிழ்நாட்டில் எழுதப்படும் உயில்களில் 'பூரண சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்' என்ற பொருளில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறும். பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் இந்த வரிக்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டின் சட்டங்கள் நிற்கின்றன.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்பவர் தெளிந்த மனநிலை உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தம் நலன்மீது அதன் விளைவு என்ன என்று அறிவார்ந்த முறையில் முடிவுசெய்ய முடிந்தால் அவர் தெளிந்த மனநிலை உடையவர் என்பது 12ஆம் பிரிவின் விளக்கம். இங்கே 'ஒப்பந்தம் செய்யும் நேரத்தில்' என்ற சொற்கள் முக்கியமானவை. மனநலக் காப்பகத்தில் இருக்கும் நோயாளியும் இடையிடையே தெளிவு வரும் காலங்களில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே பிரிவு எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. ஒருவர் எந்த நோய் உள்ளவர் என்பதைவிட அந்த நேரத்தில் அவருக்கு என்ன புரிந்தது என்பதே அளவுகோல். 150 ஆண்டுப் பழமையான சட்டம் பல இன்றைய அலுவலகங்களைவிட நெகிழ்வாக இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இதே போக்கில் செல்கிறது. காது கேளாதவர், பேச முடியாதவர், பார்வையற்றவர் ஆகியோர் தாம் செய்வது இன்னதென அறிந்திருந்தால் உயில் எழுதலாம் என்று அதன் 59ஆம் பிரிவு கூறுகிறது. பதிவுச் சட்டம் அவ்வளவு கனிவானதன்று. 1908ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஆவணம் எழுதிக்கொடுப்பவர் சிறுவராகவோ, அறிவு வளர்ச்சி அற்றவராகவோ, பித்தராகவோ பதிவு அலுவலருக்குத் தோன்றினால் அவர் பதிவை மறுக்க வேண்டும். மூல ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் இன்று வசையாகக் கருதப்படுபவை. மருத்துவரின் சான்றோ நீதிமன்ற ஆணையோ தேவையில்லை. அலுவலருக்குத் 'தோன்றினால்' போதும். மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறுகிற, ஆனால் பட்டப்படிப்பு முடித்த ஒருவர் சார்பதிவாளர் முன் நிற்கும்போது என்ன தோன்றும் என்பது அந்த அலுவலரின் பழக்கத்தைப் பொறுத்தது.

வாக்குரிமையில் வரையறை சற்று இறுக்கமானது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தெளிந்த மனநிலை இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே ஒருவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடலாம். குடும்பத்தாரோ விடுதி நிர்வாகமோ 'இவருக்கு ஓட்டு எதற்கு' என்று முடிவுசெய்ய இடமில்லை.

பதினெட்டு வயதுக்குப் பின்

குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர்கள். அந்தப் பிறந்தநாளோடு அந்த நிலை முடிகிறது. அறிவுசார் குறைபாடுள்ள மகனையோ மகளையோ வளர்த்த பெற்றோர், அதுவரை தாங்கள் கையொப்பமிட்டுவந்த வங்கிக் கணக்குக்கு இனி சான்றிதழ் வேண்டும் என்று கேட்கப்படுவது அப்போதுதான்.

இந்த இடைவெளியை நிரப்ப 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளை மட்டும் அது உள்ளடக்குகிறது. மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு அமைக்கப்படுகிறது. அதில் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத குடிமைப்பணி அலுவலர் ஒருவர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் இருப்பர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். நீதிமன்றப் படியேறாமல், வழக்கறிஞர் செலவின்றி இது முடிவது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவைக் கூர்ந்து படித்தால் வேறொன்றும் தெரியும். விண்ணப்பம் வந்ததும் குழு இரண்டு கேள்விகளைப் பார்க்க வேண்டும்: இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையெனில் எந்த நோக்கங்களுக்காக? அதாவது எல்லாவற்றுக்குமான பாதுகாவலர் என்பது சட்டத்தின் கட்டாயம் அல்ல. பாதுகாவலர் பொறுப்பேற்ற ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கப்படலாம் என்ற விதிகளும் உள்ளன. எனினும் நான்கு வகைக்குள் வராதவர்களுக்கு, குறிப்பாக மனநோய் உள்ளவர்களுக்கு, இந்த வழி திறக்கவில்லை.

இன்னொரு குறை ஆழமானது. சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து அலுவலகங்களும் வங்கிகளும் பாதுகாவலரிடம் மட்டுமே பேசுகின்றன. பாதுகாவலரின் அருகில் அமர்ந்திருப்பவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

12ஆம் உறுப்பு சொல்வது

உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு ஐந்து பத்திகள் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் எங்கும் சட்டத்தின் முன் மனிதராக ஏற்கப்பட வேண்டும் என்பது முதல் பத்தி. வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மற்றவர்களுக்குச் சமமாக அவர்களுக்குச் சட்டத் தகுதி உண்டு என்பது இரண்டாவது. அதைப் பயன்படுத்தத் தேவைப்படும் ஆதரவை அரசு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவது பத்தி, அந்த ஆதரவு துஷ்பிரயோகத்துக்கு இடம்தராதபடி காப்புகளை வகுக்கிறது: நபரின் விருப்பமும் தேர்வும் மதிக்கப்பட வேண்டும், நலன் முரண்பாடும் தகாத செல்வாக்கும் இருக்கக் கூடாது, ஏற்பாடு கூடிய வரை குறுகிய காலத்துக்கானதாக இருக்க வேண்டும், சுதந்திரமான அமைப்பு அதை மறு ஆய்வு செய்ய வேண்டும். ஐந்தாவது சொத்து, வாரிசுரிமை, வங்கிக் கடன் பற்றியது.

இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இந்த உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளித்தது. 12ஆம் உறுப்பின்மீது எந்த ஒதுக்கமும் பதிவுசெய்யவில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் பதிலாள் முடிவு முறையைத் தேவைப்படும்போது தொடரும் வகையில் தங்கள் விளக்கத்தைப் பதிவுசெய்துவிட்டே ஏற்றன. இலங்கை 2016 பிப்ரவரியில் ஏற்புறுதி அளித்தது.

2014இல் உடன்படிக்கையின் குழு வெளியிட்ட முதலாம் பொதுக் கருத்துரை, நாடுகள் சட்டத் தகுதியை மறுக்கும் மூன்று வழிகளை எடுத்துக்காட்டியது. நோயின் பெயரை வைத்தே மறுப்பது முதலாவது. எடுத்த முடிவு பிறருக்குத் தவறாகத் தெரிவதால் மறுப்பது இரண்டாவது. முடிவெடுக்கும் திறனைச் சோதித்து, அதில் தேறாதவருக்கு மறுப்பது மூன்றாவது. மூன்றையும் குழு நிராகரித்தது. 'அவருடைய உயர்ந்த நலன் எது' என்ற கேள்விக்குப் பதிலாக 'அவருடைய விருப்பம் என்னவாக இருக்கும் என்று நம்மால் இயன்ற அளவு சரியாகக் கணிக்க முடியுமா' என்ற கேள்வியை வைத்தது. முதல் கேள்விக்கு மருத்துவரோ நீதிபதியோ பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆதரவு எப்படி நடக்கிறது

ஆதரவு என்ற சொல் பெரிதாகத் தோன்றினாலும் அதன் பெரும்பகுதி அன்றாடச் செயல்களே. ஒப்பந்தத்தை எளிய சொற்களில் படங்களுடன் எழுதித் தருவது, மருத்துவர் சொன்னதை மெதுவாக மறுபடி சொல்வது, தேர்வுகளை ஒவ்வொன்றாக வைப்பது, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பது, மாலையில் களைத்துப்போகும் ஒருவரிடம் காலையில் கேட்பது ஆகியவை எல்லாம் ஆதரவுதான். சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும் இதில் அடங்கும். பேச்சு இல்லாதவர்கள் படங்களைத் தொட்டுச் சொற்களை உருவாக்கும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான 'ஆவாஸ்' அவற்றுள் நன்கு அறியப்பட்டது. பேச முடியாதவருக்கு முடிவெடுக்கவும் தெரியாது என்ற பொது எண்ணத்தை இத்தகைய கருவிகள் தகர்த்துள்ளன.

எடுத்துக்காட்டாக, அறிவுசார் குறைபாடுள்ள 30 வயதுப் பெண் ஒருவர் தம் ஊதியத்தில் சேமித்த பணத்தைக் கொண்டு தையல் இயந்திரம் வாங்க விரும்புகிறார் என்று கொள்ளலாம். பாதுகாவலர் முறையில், அண்ணன் யோசித்துவிட்டு 'வேண்டாம், நகையாக வாங்கிப் போடுவோம்' என்று முடிவு செய்வார். அது சட்டப்படி செல்லும். ஆதரவு முறையில் அண்ணனின் வேலை வேறு. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, இயந்திரம் வாங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை அவர் நாணயங்களை அடுக்கியோ படம் வரைந்தோ விளக்குவார். இரண்டு கடைகளுக்கு அழைத்துச் செல்வார். நகைதான் நல்லது என்ற தம் கருத்தையும் சொல்லலாம். அதன்பின் அந்தப் பெண் இயந்திரத்தையே கேட்டால், வாங்க உடனிருப்பார். இயந்திரம் மூலையில் தூசி படிந்து கிடக்கவும் கூடும். குறைபாடு இல்லாதவர் வாங்கிய எத்தனையோ பொருள்களுக்கும் அதே கதிதான்.

தவறு செய்யும் வாய்ப்பும் உரிமையின் பகுதியே என்ற கருத்து, மாற்றுத்திறனாளி இயக்கத்தில் 'இடரை ஏற்கும் கண்ணியம்' என்று பேசப்படுகிறது. பெற்றோர் ஏற்கத் தயங்கும் கருத்தும் இதுவே.

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இந்தியாவில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது சுசிதா ஸ்ரீவஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்ற வழக்கில். அரசு நடத்திய காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத, அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க அனுமதி கேட்டு நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு அந்தப் பெண்ணைச் சந்தித்து, அவர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறார் என்று அறிக்கை தந்தது. அதன் பிறகும் 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது கரு 20 வாரச் சட்ட வரம்பை நெருங்கியிருந்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகியோரின் அமர்வு உத்தரவை நிறுத்திவைத்தது. காரணங்களை ஆகஸ்ட் 28 அன்று விரிவாக வெளியிட்டது. தீர்ப்பு ஒரு சட்ட நுணுக்கத்தில் ஊன்றி நின்றது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபோது, பாதுகாவலரின் ஒப்புதல் போதும் என்ற விதிவிலக்கு 'மனநோயாளி'க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு அந்த வரையறையிலிருந்து வெளிப்படையாக நீக்கப்பட்டது. ஆகவே அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை. இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை நம் சட்ட அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது என்றும், குழந்தை பெறுவதா வேண்டாமா என்ற தேர்வு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும் நீதிமன்றம் கூறியது.

ஆயினும் தீர்ப்பு பழைய சொற்களை முற்றிலும் விட்டுவிடவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அரசே தந்தை என்ற கோட்பாட்டின் கீழ், 'உயர்ந்த நலன்' என்ற அளவுகோலையே அது கையாண்டது. அந்தப் பெண்ணின் விருப்பமும் அவருடைய நலனும் ஒரே திசையில் இருந்ததால் முடிவு சரியாக வந்தது. இரண்டும் வேறு திசையில் இருந்திருந்தால் நீதிமன்றம் எதைத் தேர்ந்திருக்கும் என்பதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்கும் அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாழ்வின் எல்லாத் துறைகளிலும் சமமான சட்டத் தகுதி உண்டு என்று உடன்படிக்கையின் மொழியையே எடுத்தாள்கிறது. சொத்து வைத்திருக்கவும், பணத்தைத் தாமே கையாளவும், வங்கிக் கடன் பெறவும் உரிமை தருகிறது. ஆதரவு தருபவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு பரிமாற்றத்தில் நலன் முரண்பட்டால், ஆதரவாளர் அந்தப் பரிமாற்றத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். ஆனால் இரத்த உறவு என்ற ஒரே காரணத்துக்காக முரண்பாடு உண்டு என்று ஊகிக்கக் கூடாது. ஆதரவு ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு. தம்மைப் பார்த்துக்கொள்பவரை ஒருவர் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று இந்தியச் சட்டம் சொன்னது குறிப்பிடத்தக்க திருப்பம்.

14ஆம் பிரிவு வேறு பக்கம் இழுக்கிறது. போதுமான ஆதரவு தந்த பிறகும் சட்டப்படி செல்லத்தக்க முடிவெடுக்க முடியாதவருக்கு, மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவித்த அதிகார அமைப்போ 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' ஒருவரை நியமிக்கலாம். இது பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் நம்பிக்கையின் பேரில் கூட்டாக முடிவெடுக்கும் முறை. குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் மட்டுமானது. மாற்றுத்திறனாளியின் விருப்பப்படியே நடக்க வேண்டியது. வேறு சட்டங்களின் கீழ் முன்பே நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இனி இந்த வரம்புக்கு உட்பட்டவர்களாகவே கருதப்படுவர். ஆனால் அதே பிரிவின் விதிவிலக்கு, தேவைப்படுபவருக்கு 'முழு ஆதரவு' வழங்கவும் அனுமதிக்கிறது. முழு ஆதரவு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. முன்வாசலில் அனுப்பப்பட்ட முழுப் பாதுகாவலர் முறை இந்தச் சொல்லின் வழியாகக் கொல்லைப்புறத்தில் நுழையலாம் என்பது விமர்சகர்களின் அச்சம். 2019இல் இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்த ஐ.நா. குழுவும் பாதுகாவலர் முறை தொடர்வதைக் குறை கூறியது.

வங்கிகளைப் பொறுத்தவரை, பார்வையற்றவர்கள் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியானவர்கள் என்றும், காசோலைப் புத்தகம், ஏடிஎம், பெட்டகம், கடன் உள்ளிட்ட எந்த வசதியையும் அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பொறுத்து வங்கிகள் இன்றும் பாதுகாவலர் சான்றிதழையே நாடுகின்றன.

மனநலமும் ஒப்புதலும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தனர். அவர்களைக் குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டிருந்தனர். இங்கே இருக்கச் சம்மதமா என்று கேட்கப்பட வேண்டியவர்களாக அவர்களை யாரும் நினைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. முடிவெடுக்கும் திறன் குறித்த அதன் 4ஆம் பிரிவு தனிக் கவனத்துக்குரியது. சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்ளவோ, முடிவின் விளைவை உணரவோ, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கவோ முடிந்தவருக்குத் திறன் உண்டு. ஒருவரின் முடிவு பிறருக்குப் பொருத்தமற்றதாகத் தெரிவதால் மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று கூறிவிட முடியாது.

வயதுவந்த எவரும், மனநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' எழுதிவைக்கலாம். பின்னாளில் நோய் முற்றி முடிவெடுக்க இயலாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தம் சார்பில் பேச வேண்டும் என்பதை அதில் குறிக்கலாம். அதை மீற விரும்பும் மருத்துவரோ உறவினரோ மனநல மறு ஆய்வு வாரியத்திடம் செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. நலமாக இருக்கும் நாளின் குரலை, நலமில்லாத நாளுக்கும் கொண்டுசெல்லும் ஏற்பாடு இது. சொல்லப்போனால் சட்டத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. மிகக் குறைவாக அறியப்பட்டதும் இதுவே.

இச்சட்டத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்கப் பாதுகாவலரை நியமிக்கும் அத்தியாயம் இருந்தது. புதிய சட்டம் அதைக் கைவிட்டது. விபத்தில் நினைவிழந்து கிடப்பவரின் மருத்துவச் செலவுக்கு அவர் பெயரிலுள்ள நிலத்தை விற்க வேண்டும் என்றால் மனைவி எங்கே போவது? எந்தச் சட்டத்திலும் வழியில்லாததால் இத்தகைய குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களின் ரிட் அதிகாரத்தை நாடுகின்றன. நினைவிழந்தவர்களுக்குப் பாதுகாவலர் நியமிப்பதற்கான நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் இப்படிப்பட்ட ஒரு மனைவிக்கு அனுமதி அளித்தது.

பிற நாடுகளின் பாதை

சுவீடன் 1989இலேயே ஒருவரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்கும் முறையை ஒழித்தது. அங்கு கடும் மனநோயுள்ளவர்களுக்காக 'தனிநபர் ஓம்பட்ஸ்' என்ற சேவை இயங்குகிறது. அந்தப் பணியாளர் மருத்துவமனைக்கோ குடும்பத்துக்கோ கட்டுப்பட்டவர் அல்லர். நோயாளி சொல்வதை மட்டுமே செய்பவர். நம்பிக்கை பிறக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை ஏற்றுக்கொண்டே அந்தச் சேவை வடிவமைக்கப்பட்டது.

பெரு 2018இல் ஒரு சட்ட ஆணை மூலம் குறைபாட்டின் அடிப்படையிலான பாதுகாவலர் முறையை நீக்கியது. அடுத்த ஆண்டு கொலம்பியாவும் அதே வழியில் சென்றது. அயர்லாந்தில் 1871ஆம் ஆண்டின் பித்தர் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஏப்ரல் வரை உயிரோடு இருந்தது. அதற்கு மாற்றாக வந்த சட்டம் மூன்று படிகளை வைக்கிறது: விளக்கி உதவும் உதவியாளர், சேர்ந்து கையொப்பமிடும் இணை முடிவாளர், கடைசியில் நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி.

அமெரிக்காவில் இக்கருத்தைப் பரவலாக்கியது ஜென்னி ஹேட்ச் என்ற பெண்ணின் வழக்கு. டவுன் நோய்க்குறி உள்ள அவர் வர்ஜீனியாவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலைசெய்து, வாழ்ந்துவந்தவர். பெற்றோர் பாதுகாவலர் உரிமை கேட்டு வழக்குத் தொடர்ந்ததையடுத்து விடுதியில் வைக்கப்பட்டார். தாம் வேலைசெய்த கடையின் உரிமையாளர்களான நண்பர்களுடன் வாழவே விரும்புவதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் அவருடைய விருப்பத்தை ஏற்று, அந்த நண்பர்களை ஓராண்டுக்கு மட்டும் பாதுகாவலர்களாக நியமித்தது. அதற்குள் ஆதரவுடன் முடிவெடுக்கும் முறைக்கு அவர் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. 2015இல் டெக்சாஸ் இதற்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது.

தீராத கேள்விகள்

பொதுக் கருத்துரையின் நிலைப்பாட்டை எல்லோரும் ஏற்கவில்லை. முற்றிய மறதிநோயில் இருப்பவரின் விருப்பத்தை எப்படி அறிவது, ஆதரவாளரே ஏமாற்றினால் யார் கண்டுபிடிப்பது ஆகிய கேள்விகள் மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் உள்ளன. பாதுகாவலரிடம் கணக்குக் கேட்கச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் ஆதரவைக் கண்காணிக்க இந்தியாவில் இன்னும் அமைப்பு இல்லை. மறுபக்கம், பாதுகாவலர் முறையில் ஏமாற்று இல்லையா என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. சொத்துள்ள மனநோயாளியை 'தகுதியற்றவர்' ஆக்கி உறவினர் அனுபவித்த வழக்குகள் நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல.

இந்தியக் குடும்பங்களில் இந்த விவாதம் வேறொரு கேள்வியாக வருகிறது: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? பாதுகாவலர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வயதான பெற்றோரில் பலர் மகனின் உரிமையைப் பறிக்க வருபவர்கள் அல்லர். ஒரு முத்திரையிட்ட தாளிலாவது பாதுகாப்பு கிடைக்காதா என்று வருபவர்கள். அந்தத் தாளில் ஒரே ஒருவரின் பெயர்தான் இருக்கும். அவரும் ஒருநாள் இறந்துபோவார். மாற்றாக, மகனுக்கு 18 வயது ஆகும் முன்பே தம்பி, அத்தை, பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டார் என நான்கைந்து பேரைச் சேர்த்து, அவன் எதற்குத் தலையசைப்பான், எதற்கு முகம் திருப்புவான் என்பதை அவர்களுக்குப் பழக்கும் 'ஆதரவு வட்டம்' முறையைச் சில பெற்றோர் அமைப்புகள் முன்வைக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000இல் நடைமுறைக்கு வந்த பிரதிநிதித்துவ ஒப்பந்தச் சட்டம் இத்தகைய உறவுகளுக்குச் சட்ட வடிவம் தந்துள்ளது. ஒருவர் பிரதிநிதியை நியமிக்கத் திறன் உள்ளவரா என்று பார்க்கும்போது, அந்தப் பிரதிநிதியுடன் அவருக்கு நம்பிக்கையான உறவு இருக்கிறதா என்பதும் அங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய ஒப்பந்தத்தை யாராவது எழுதிக் கொண்டுவந்தால், வங்கி மேலாளரோ சார்பதிவாளரோ அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனி விதி இன்னும் எழுதப்படவில்லை.